நீலப் பக்கம் சீவாத பென்சில்

என் மேஜை டிராயரில் ஒரு பென்சில் துண்டு கிடக்கிறது. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். அந்தக் காலத்து ஆபீஸ்களில் அதிகாரிகள் கையில் வைத்துக்கொண்டு ஆட்டிக்கொண்டே இருப்பார்களே, அந்தப் பென்சில். காகிதத்தில் தப்பு இருந்தால் சிவப்பால் சுழிப்பார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் நீலத்தால் ஒரு டிக் போடுவார்கள். என்னிடம் இருக்கிற துண்டில் சிவப்புப் பக்கம் தேய்ந்து தேய்ந்து பாதிக்கு வந்துவிட்டது. நீலப் பக்கம் கடையில் வாங்கியபடியே தட்டையாக இருக்கிறது. ஒருநாளும் அதில் பிளேடு பட்டதில்லை. இதற்குச் சொந்தக்காரர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டுதான் அவர். பெயர் வேண்டாம், சொன்னால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கும்.

வயதாகிவிட்டது, மனது பக்குவப்பட்டுவிட்டது, அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு அப்படி ஒரு பக்குவமும் வரவில்லை. நாற்பது வயதில் நான் ஏன் ஓட ஆரம்பித்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உடம்புக்கு நல்லது என்று சிரித்துக்கொண்டே சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அது பச்சைப் பொய். நான் ஓடியது வயிற்றெரிச்சலில்.

எழுபதுகளின் கடைசி அது. மதுரையில் ஒரு பெரிய ஆபீஸில் தபால் செக்‌ஷன் குமாஸ்தாவாக இருந்தேன். காலையில் போனதும் முதல் வேலை தேதி சீலை உருட்டுவது. ரப்பர் சீலுக்குள் சின்னச் சின்னச் சக்கரங்கள் இருக்கும். நேற்றைய தேதியை நகத்தால் நெம்பி இன்றைய தேதிக்குக் கொண்டுவர வேண்டும். என் வலது கட்டைவிரல் நகம் வருஷம் முழுக்க ஊதா நிறத்தில்தான் இருக்கும். பிறகு வந்த கடிதங்களிலெல்லாம் அந்தச் சீலைக் குத்தி சூப்பிரண்டின் மேஜைக்கு அனுப்புவேன். அவர் கடிதத்தில் என்ன விஷயம் இருக்கிறது என்று பார்க்க மாட்டார், தேதியைத்தான் பார்ப்பார். தேதி கோணலாக விழுந்திருந்தால் ஒரு சுழி, மை பரவியிருந்தால் ஒரு சுழி. இருபது வருஷம் சர்வீஸில் அவர் ஒரு தடவைகூடத் தன் கையால் அந்தச் சீலை உருட்டியதில்லை. உருட்டுவதற்குத்தான் என்னைப் போல ஆட்கள் இருந்தோமே. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் செக்கானூரணிக்குத் தெற்கே இருக்கிற சின்னக் கிராமம். அய்யா அங்கே இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் குடும்பத்தோடு ஆரப்பாளையத்தில் வாடகை வீட்டில். ஒருநாள் மத்தியானம் என் சித்தப்பா மகன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். செருப்புக்கூடப் போடவில்லை. "அண்ணே, பெரியய்யாவுக்கு மூச்சு இழுக்குது. கண்ணு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு. கிளம்பு" என்றான். மூன்று பத்துக்கு ஒரு பஸ் இருந்தது. அதை விட்டால் நாலரைக்குத்தான். எனக்குக் கை கால் ஓடவில்லை. பெர்மிஷன் கேட்டு நாலு வரி எழுதி சூப்பிரண்டிடம் நீட்டினேன். தினமும் தேதியை உருட்டுகிற இதே கை, அன்றைக்கு நேற்றைய தேதியை எழுதித் தொலைத்திருந்தது.

அவர் சிவப்பால் ஒரு சுழி சுழித்தார். "தேதி தப்பு. போய் மாத்திட்டு வா" என்றார். ஒரே நிமிஷத்தில் வேறு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். காபி முடிந்ததும் ஒரு ஃபைலை எடுத்தார். நான் காகிதத்தை நீட்டியபடியே நின்றேன். சார் என்றேன். அப்பா சார் என்றேன். நிமிரவே இல்லை. அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம். அதில் பெரிய முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றேன். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விட்டெறிந்துவிட்டுப் போயிருக்கலாமே என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். அன்றைக்கு இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அதற்காக என் மேலேயும் எனக்குக் கோபம் உண்டு.

நாலரை பஸ்ஸில் போய் இறங்கியபோது ஊர் எல்லையிலேயே ஒப்பாரி கேட்டது. கால் மணி நேரம் ஆச்சு என்றார்கள். ஆத்தா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒரே விஷயத்தைத்தான். "'பெரியவன் வந்துட்டானா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாருடா. நாங்க என்னத்தன்னு பதில் சொல்ல?" ஒருவரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமலே போய்விட்டார்.

கருமாதி முடிந்து பதினேழாம் நாள் ஆபீஸுக்குப் போனேன். மொட்டைத் தலையோடு அவர் மேஜைக்கு முன்னால் நின்று, அன்றைக்கு மூன்று பத்து பஸ் கிடைத்திருந்தால் அப்பா முகத்தைப் பார்த்திருப்பேன் என்று சொன்னேன். சண்டைக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்ல மாட்டாரா என்கிற நப்பாசை. அவர் பென்சிலை உருட்டிக்கொண்டே, "பஸ்ஸ விட்டா என்னய்யா? காலு இருக்குல்ல, ஓட வேண்டியதுதானே?" என்றார். செக்‌ஷனில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் விடியற்காலையில் ஓடினேன். பழைய காக்கி டவுசர், வெறுங்கால், முண்டா பனியன். ஆரப்பாளையத்திலிருந்து மேற்கே தேனி ரோட்டில், எங்கள் ஊருக்குப் போகிற அதே ரோட்டில். காளவாசல் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்து ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், எதையும் பறிகுடுத்துட்டீகளா?" என்று கேட்டார். ஆமாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அதைவிட ஒரு விளக்குக் கம்பம் கூடுதலாக ஓடினேன். அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒவ்வொரு அடிக்கும் அவர் பெயரைச் சொல்லித் தரையில் மிதித்தேன். விராட்டிபத்து, அச்சம்பத்து என்று ஒவ்வொரு ஊராகப் பிடித்து, எட்டு மாதத்தில் நாகமலைப் புதுக்கோட்டை வரைக்கும் போய்த் திரும்பினேன். போக ஐந்து மைல், வர ஐந்து மைல். வெறுப்பு உடம்பைத் தின்றுவிடும் என்பார்கள். என் தொந்தி கரைந்தது, மூச்சு இரைப்பு நின்றது, படுத்தால் தூக்கம் வந்தது. அந்த மனுஷன் மேல் இருந்த ஆத்திரம் எனக்கு டானிக் போல வேலை செய்தது. என் மனைவிதான் முதல் மாதம் முழுக்கப் பொரிந்து தள்ளினாள். பிள்ளைகள் வயசுக்கு வரப்போகிற வீட்டில் அப்பன் அரைக்கால் டவுசரோடு தெருவில் ஓடினால் நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான் என்பது அவளுடைய கவலை.

அப்படி ஓடுகிற காலத்தில்தான் சங்கத்தைக் கண்டுபிடித்தேன். சங்கம் என்றால் போர்டு, கட்டடம் எல்லாம் கிடையாது. ஒரு பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள், ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஆரப்பாளையத்தில் வைகைக் கரையோரத் திடலில் கூடி நாகமலை ரோட்டில் ஓடிவிட்டு வருவார்கள். கோரிப்பாளையத்தில் தையல் கடை வைத்திருந்த ஒரு பாய்தான் அதற்கு ஆரம்பம். கூட ஒரு கம்பவுண்டர், ஒரு மில் தொழிலாளி, லாட்ஜ் மேனேஜர் ஒருவர், இப்படி. யார் வந்தாலும் பாய் இடுப்பளவு எடுத்து ஒரு டவுசர் தைத்துக் கொடுத்துவிடுவார். ஓரத்தில் பச்சைத் துணியில் ஒரு பட்டை இருக்கும். அது இருந்தால் நீங்கள் சங்கத்து ஆள். என்ன வேலை, எந்த ஊர், என்ன ஆட்கள் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. ஒரே ஒரு வழக்கம்தான் அங்கே கட்டாயம். முதலில் ஓடி முடிக்கிறவர் உட்காரக் கூடாது. அப்படியே திரும்பிப் போய், கடைசியாக வருகிற ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கிருந்து அவரோடு சேர்ந்து ஓடி வர வேண்டும். கடைசி ஆள் தனியாக வந்து சேரக் கூடாது என்பது பாயுடைய பிடிவாதம். நான் சேர்ந்த முதல் வாரம் நான்தான் கடைசி. பாய் திரும்பி வந்து என்னோடு ஓடினார். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணே, ஓடுறப்ப யாரையோ வஞ்சுக்கிட்டே ஓடுறீக. மூச்சுல பாதி அதுலயே போகுது" என்றார். அதற்குப் பிறகு மனசுக்குள் மட்டும் திட்டப் பழகிக்கொண்டேன். வேகமும் கூடியது.

ஒன்றரை வருஷம் போல அந்தத் திடல்தான் எனக்கு உலகத்தில் நிம்மதியான இடம். அதற்கும் வந்து சேர்ந்தார் அவர். சர்க்கரை வியாதி என்று டாக்டர் மிரட்டியிருக்கிறார். ஆபீஸில் யாரோ என் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போகிறேன், வெள்ளை வெளேரென்று கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சூப்பிரண்டு நிற்கிறார். எனக்கு உச்சந்தலையில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. பாயிடம் தனியாகச் சொன்னேன், இந்த ஆள் ஆகாது என்று. பாய் இடுப்பளவு எடுக்கிற டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வருகிறவரை வராதே என்று சொல்கிற வழக்கம் நமக்கு இல்லையே அண்ணே என்றார். மூன்று மாதத்தில் சங்கத்துக்கு ஒரு தலைவர் வந்துவிட்டார். வேறு யார்? படித்தவர், பெரிய உத்தியோகம் என்று எல்லாரும் சேர்ந்து அவரை உட்கார்த்தி வைத்தார்கள். ஒரு ரிஜிஸ்டர் வந்தது. யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று அதில் எழுத வேண்டும். எழுதுவது யார்? நான். ஆறு மணிக்கு மேல் வந்தவர் பெயருக்கு நேரே சிவப்புச் சுழி. அந்தப் பென்சிலைத் திடலுக்கும் கொண்டுவந்துவிட்டார் மனுஷன்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவர் எப்போதும் கடைசி. நான் அந்த நாளில் எல்லாரையும் முந்திக்கொண்டிருந்தேன். ஆக, சங்கத்து வழக்கப்படி வாரா வாரம் நான் திரும்பிப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு ஓடி வர வேண்டும். எதற்காக ஓட ஆரம்பித்தேனோ அந்த ஆளுக்கே துணை ஓட்டம். வழியெல்லாம் மூச்சிரைக்க இரைக்க, திங்கட்கிழமை போக வேண்டிய தபால் ரெடியா, அந்த ரிமைண்டர் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வருவார். ஒரு தடவைகூட, உனக்குச் சிரமமாக இருக்குமே என்று சொன்னதில்லை. அவர் ரோட்டில் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவருக்கு ஞாபகம்கூட இல்லை என்பதுதான் என்னைப் போட்டு அரித்தது. ஆமாம், ஆபீஸில் சொன்னதை ரோட்டில் சொன்னதாகவே என் மனசு மாற்றி வைத்திருந்தது. அம்புட்டு தடவை அந்த ரோட்டில் அதைக் கேட்டிருக்கிறேன்.

மறு பங்குனியில் சங்கத்துக்குள்ளேயே ஒரு போட்டி நடத்துவதென்று முடிவானது. நாகமலைப் புதுக்கோட்டை போய்த் திரும்ப வேண்டும். நாற்பது வயதுக்குக் கீழே ஒரு பரிசு, மேலே ஒரு பரிசு, இரண்டும் எவர்சில்வர் குடம். ஏமாற்றிப் பாதியில் திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று சூப்பிரண்டுதான் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு யோசனையே வந்ததில்லை. "ஏமாத்துறவன் எங்கயும் இருப்பான்யா. கையில சீல் வச்சாத்தான் ஒழுங்கு" என்றார். திரும்புகிற இடத்தில் கம்பவுண்டர் நின்று ஒவ்வொருவர் முன்னங்கையிலும் தேதி சீல் குத்த வேண்டும். திரும்பி வந்ததும் நான் அதைச் சரிபார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். சீல் எங்கள் ஆபீஸ் சீலேதான். சனிக்கிழமை சாயங்காலம் என் மேஜையிலிருந்து அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை திடலில் சீலைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார், ஒழுங்கு பற்றி. கம்பவுண்டர் என்னிடம் வந்து இதில் தேதி எப்படி மாற்றுவது என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். நான் சனிக்கிழமை காலையில் உருட்டி வைத்த தேதி அப்படியே இருந்தது. நகத்தால் நெம்பி ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். கம்பவுண்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு முன்னால் போனார். எல்லாரும் பனியனோடு நின்றோம். சூப்பிரண்டு மட்டும் முழுக்கை சட்டை போட்டு மணிக்கட்டுவரை பட்டன் மாட்டியிருந்தார். வெயில் ஒத்துக்கொள்ளாது என்றார். பங்குனி மாதம், விடியற்காலை ஆறு மணி!

காளவாசலிலேயே அவரைத் தாண்டிவிட்டேன். நாகமலையில் கம்பவுண்டரிடம் கையைக் கொடுத்துச் சீல் குத்திக்கொண்டு திரும்பினேன். போகிற பாதையும் வருகிற பாதையும் ஒன்றுதான். திரும்பும்போது பின்னால் வருகிறவர்களெல்லாம் எதிரே வந்தாக வேண்டும். எல்லாரும் வந்தார்கள், அவரைக் காணோம். சர்க்கரை ஏறி எங்காவது விழுந்து கிடக்கிறாரோ என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. திடலுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். நாற்பதுக்கு மேலே முதல் ஆள் அவர்தான் என்றார்கள். ஐம்பத்தைந்து வயதில் என்ன ஒரு வைராக்கியம் என்று பரிசு கொடுக்க வந்த டாக்டர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். விராட்டிபத்தில் அவருடைய மச்சினன் வீடு இருந்ததும், நாங்கள் திரும்புகிற நேரத்தைக் கணக்குப் பண்ணி அங்கே அவர் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் பிற்பாடுதான் தெரிந்தது.

ரிஜிஸ்டரை விரித்து மேஜையில் உட்கார்ந்தேன். கம்பவுண்டரும் வந்து சீலையும் மைப் பெட்டியையும் மேஜைமேல் வைத்துவிட்டு மைக் கையைக் கழுவப் போனார். ஒவ்வொருவராக வந்து கையைக் காட்டினார்கள், எழுதினேன். அவர் வந்தார். சட்டைக் கையைச் சுருட்டி முன்னங்கையை நீட்டினார். ஊதா மையில் சீல் அழகாக, கோணல் இல்லாமல் விழுந்திருந்தது. சனிக்கிழமைத் தேதி!

வீட்டில் சாவகாசமாகக் குத்திக்கொண்டிருக்கிறார். ஆனால் உருட்டவில்லை. உருட்ட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தேதி என்பது தானாகவே மாறிக்கொள்ளும் ஒன்று என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த மனுஷன். நான் அந்தக் கையையே பார்த்தேன். எனக்குள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி, மூன்று வருஷ வெயிலுக்குப் பிறகு மழை பெய்த மாதிரி. அவசரப்படவில்லை. மேஜைமேல் கிடந்த அவருடைய பென்சிலை எடுத்தேன். அவருடைய கையில், அந்தத் தேதியைச் சுற்றி, சிவப்பால் நன்றாக ஒரு சுழி சுழித்தேன்.

"தேதி தப்பு சார். போய் மாத்திட்டு வாங்க" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. குனிந்து தன் கையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பாயும் பார்த்தார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். அவ்வளவு தூரம் இனிமேல் எப்படி, பஸ்ஸுக்கு நின்றால்கூட... என்று அவர் ஏதோ முனகினார், என்ன சொல்ல வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் விடவில்லை. "காலு இருக்குல்ல சார்? ஓட வேண்டியதுதானே?" என்றேன். அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் தெரிந்தது, அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மொட்டைத் தலையோடு நான் நின்றது, அவர் சொன்னது, எல்லாம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் துண்டை நாற்காலியில் போட்டார். ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். திரும்பி மேற்கே ஓட ஆரம்பித்தார். வீட்டுக்குத்தான் ஓடுகிறார் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். ஆபீஸில் சிரித்த அதே மாதிரி சிரிப்பு. நாற்பதுக்கு மேலே அடுத்த ஆள் நான் என்று டாக்டர் குடத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கூட்டம் கலைந்தது. பாய்க்கு அன்றைக்கு ஒரு கல்யாணத் துணி டெலிவரி. போகிறபோது என் பக்கத்தில் வந்து நின்றார். "கடைசி ஆளு இன்னும் வரலண்ணே" என்றார். எனக்குத் தெரியும். முதல் ஆள் நான்தான், திரும்பிப் போக வேண்டியவன் நான்தான். பாய் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் பாய் என்னோடு பேசினார், பழகினார், டவுசர் தைத்துக் கொடுத்தார். ஆனால் பக்கத்தில் ஓடுவதை மட்டும் விட்டுவிட்டார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. மேஜையை வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. ரோட்டில் தார் இளகி மினுங்கியது. அந்த வெயிலில் அவர் வந்தார். ஓட்டமில்லை, நடையுமில்லை, காலை இழுத்து இழுத்து வந்தார். வெள்ளை ஷூவின் அடியெல்லாம் தார். ஒரு ஷூ பிளந்து கட்டைவிரல் வெளியே தெரிந்தது, ரத்தம். போகிற வழியில் சீல் இருக்காது, அது என் மேஜையில்தான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் போயிருக்கிறார். வந்து முன்னங்கையை நீட்டினார். பழைய சீல் வேர்வையில் கலைந்து ஊதாவாக வழிந்திருந்தது. என் சிவப்புச் சுழி மட்டும் லேசாகத் தெரிந்தது.

"போயிட்டு வந்துட்டேன்யா. வையி" என்றார்.

சாட்சி யார் சார் என்றேன். சாட்சியாக வந்திருக்க வேண்டிய ஆள் நான். அவர் போய் வந்தார் என்பதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகமில்லை. ஷூவைப் பார்த்தாலே தெரிந்தது. நம்பினேன். நம்பியும் சீலைத் தொடவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து, எழுதினதையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டியபடியே நின்றார். நான் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்புறம் பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் சரியாக ஆனதும் மைப் பெட்டியை மூடினேன். சீலைப் பையில் போட்டுக்கொண்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பென்சிலும் என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. அவர் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அந்தக் குடத்தில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் குடிதண்ணீர்.

அவர் நினைத்திருந்தால் ஆபீஸில் என்னைப் படுத்தி எடுத்திருக்கலாம். செய்யவில்லை. சங்கத்துக்கும் அதோடு வரவில்லை. ரிட்டயர் ஆகிற வரைக்கும் என் லீவு லெட்டர்களைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வேண்டுமென்றே ஒரு தடவை தேதி போடாமல் கொடுத்துப் பார்த்தேன். அதற்கும் போட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. எதிராளி கையை இறக்கிவிட்டால் அடிப்பதில் என்ன ருசி இருக்கிறது?

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் காலை அவருடைய மகன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். திருநகரில் வீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள். அப்பாவுக்குக் கடைசி என்று டாக்டர் சொல்லிவிட்டார், உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றான். இன்னும் இரண்டு வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்ததால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவசரமாகப் போய்விட்டான். நான் பாய் தைத்த டவுசரைப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஆரப்பாளையத்திலிருந்து திருநகருக்கு ஓடியே போனேன். எதற்கு என்று கேட்டால் என்னிடம் யோக்கியமான பதில் இல்லை. நீ ஓடச் சொன்னாயே, பார், ஓடி வந்திருக்கிறேன் என்று அந்த மூஞ்சிக்கு நேரே நிற்க வேண்டும். அதுதான் எனக்கு இருந்த எண்ணம்.

அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வேர்வை சொட்டச் சொட்ட உள்ளே போனதும் அந்தக் கண் என் மேல் நின்றது. நேரத்துக்குப் போய்விட்டேன். என் அய்யாவுக்குப் போக முடியாத நேரத்துக்கு, இந்த ஆளுக்குப் போய்விட்டேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. இந்தக் கால், இந்த மூச்சு, இந்த வேகம் எல்லாம் இவர் கொடுத்தது. கொடுத்து இவரே வாங்கிக்கொண்டார்.

அவர் முன்னங்கையைத் தூக்க முடியாமல் தூக்கி என் பக்கம் நீட்டினார். "வந்துட்டியா" என்றார். பிறகு ரொம்ப நேரம் கழித்து, "அன்னைக்கு நான் போயிட்டுத்தான்யா வந்தேன். நாகமலை வரைக்கும். நெசமாப் போனேனா இல்லையா?" என்று கேட்டார். அவர் மனைவியும் மகளும் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார்கள். தெரியும் சார் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. திரும்பவும் கேட்டார். அந்தக் கை காற்றிலேயே நின்றது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தானாகக் கீழே விழுந்தது.

திரும்பும்போதும் ஓடித்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்து இந்தப் பென்சிலை எடுத்து, பிளேடையும் எடுத்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை அப்படி உட்கார்ந்திருக்கிறேன், இன்றைக்குக் காலையில்கூட. அவர் போனார், வந்தார், அது சத்தியம். அதற்கு ஒரு நீல டிக் போட எனக்கு அரை நிமிஷம் ஆகாது. என் அய்யாவும்தான் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே கிடந்தார். நீலப் பக்கத்தை நானும் இன்னும் சீவவில்லை.